வந்து போகிறவரும் வந்து தங்குகிறவரும்

பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் வெளிநாட்டவரைக் காலிப் பக்கத்து நமது வியாபாரிகள் நன்கறிவர். ஆனால் அவர்களைப் பற்றி நம்மிடையே இரண்டு தப்பெண்ணங்கள் இருக்கின்றன. அவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள், கேட்ட விலையைத் தருவார்கள் என்பது ஒன்று. அவர்களது பணம் பெரிய ஹோட்டல்களுக்கும் மதுச்சாலைகளுக்குமே போகும், நமது சிறு கடைக்கு வராது என்பது மற்றது. இரண்டுமே பிழையானவை.

இவர்களில் பலர் ஓய்வூதியத்தில் வாழும் கணவன் மனைவியர். நாற்பது அடிப் படகுதான் அவர்களது வீடு. தாமே சமைத்து உண்பவர்கள். ஆகவே அவர்கள் வாங்குவதும் ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருட்களையே. மா, வெங்காயம், முட்டை, எரிவாயு, டீசல், பற்றரி, உடுப்புச் சலவை, மெத்தை உறை தையல் என்று அந்தப் பட்டியல் நீளும். இவையெல்லாம் நமது கைத்தொழில்களும் கடைத்தொழில்களும் அல்லவா?

இதற்கு நல்ல உதாரணம் மலேசியாவின் லங்காவி. தாய்லாந்து எல்லையை அண்டி, கெடா மாநிலத்தைச் சேர்ந்த 99 தீவுகளைக் கொண்ட கூட்டம் அது. மக்களில் பெரும்பான்மையினர் மலாய் முஸ்லிம்கள். நெல்லும் மீனுமாக இருந்த அந்த இடத்தை 1987ஆம் ஆண்டு மஹாதிர் முஹம்மதின் அரசாங்கம் தீர்வையற்ற பிரதேசமாக்கியது. இன்று குவா நகரிலும், தெலாகாவிலும், ரெபாக் என்னும் சிறு தீவிலும் மெரினாக்கள் இருக்கின்றன.

மெரினா என்பது வெறும் இறங்குதுறை அல்ல. அலையடிக்காத நீரில் படகைக் கட்டி வைக்கும் இடம் அது. ஒவ்வொரு படகுக்கும் தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் உண்டு. படகின் நீளத்தைக் கணக்கிட்டு நாள் வாடகையோ மாத வாடகையோ அறவிடுவார்கள். படகைத் தூக்கிக் கரையில் வைத்து அடிப்பாகத்துக்கு வர்ணம் பூசும் வசதியும் சில இடங்களில் உண்டு. வாடகை மெரினாக்காரருக்குப் போகும். ஆனால் பாய் தைப்பவர், வெல்டிங் செய்பவர், டீசல் மெக்கானிக், குளிர்சாதனம் திருத்துபவர், மரக்கறிக் கடைக்காரர் ஆகியோரின் வருமானம் அதைச் சுற்றி உண்டாகிறது. படகுக்காரர் டிசம்பர் முதல் மார்ச் வரை லங்காவிக்கும் புக்கெட்டுக்கும் இடையிலுள்ள தீவுகளைச் சுற்றிவிட்டு, திருத்த வேலைக்காகத் திரும்பி வந்து மாதக்கணக்கில் தங்குகிறார். 2004 சுனாமி தெலாகாவையும் ரெபாக்கையும் சேதப்படுத்தியது. அவற்றைத் திருத்தி மீண்டும் தொழிலைத் தொடங்கினார்கள்.

அதே வடகீழ்ப் பருவக்காற்றுத்தான் படகுகளைக் காலிக்கும் கொண்டு வருகிறது. லங்காவியிலிருந்து காலி 1,100 கடல் மைலுக்கு மேல். நல்ல காற்றிருந்தால் எட்டுப் பத்து நாள் ஓட்டம். காலியில் சில நாள் இளைப்பாறி, மாலைதீவுக்கும் அங்கிருந்து செங்கடலுக்கும் போவதே பழைய பாதை. அரபு வணிகர் நம் நாட்டுக்கு வந்ததும் இதே பருவக்காற்றுக்களை நம்பித்தான். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட காலிக் கல்வெட்டில் சீனமும் தமிழும் பாரசீகமும் சேர்ந்திருப்பதே அந்தத் துறைமுகத்தின் பழம்பெருமைக்குச் சாட்சி.

ஆனால் காலிக்கு வந்தவர் வழிப்போக்கர். வழி அடைபட்டால் வியாபாரமும் அடைபடும். 2006 ஒக்டோபரில் காலி கடற்படைத் தளம் தாக்கப்பட்டது. 2008 முதல் சோமாலியக் கடற்கொள்ளையர் தொல்லை பெருகியது. 2011 பெப்ரவரியில் கடத்தப்பட்ட ஒரு பாய்மரப் படகில் நான்கு அமெரிக்கர் கொல்லப்பட்டதும், பலர் தென்னாபிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கினர். 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல்கள் நடந்தன. இவற்றில் ஒன்றுகூட காலிக் கடைக்காரரின் குற்றமல்ல. ஆனால் நட்டம் அவருடையது. லங்காவியிலிருந்தும் மேற்கே போவோர் குறைந்தார்கள். ஆயினும் அங்கே தங்கிச் சுற்றுவோர் இருந்தபடியால் வேலை நின்றுவிடவில்லை.

ஆகவே நாமும் இவர்களைத் தங்க வைக்கும் வழியைத் தேட வேண்டும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை காலிக் கடல் அமைதி. மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைக் கடல் அமைதி. ஒரே நாட்டில் இரண்டு பருவம் கிடைப்பது அல்லாஹ் தந்த அருட்கொடை. சுற்றுலா விசாவோ முதலில் 30 நாளுக்கே கிடைக்கிறது. படகில் வருவோருக்கு நீண்ட விசாவும், ஒழுங்கான மெரினாவும் வேண்டுமென்று நமது வர்த்தக சங்கங்கள் கேட்க வேண்டும்.

அரசாங்கம் செய்யும் வரை காத்திராமல் நாம் செய்யக் கூடியவையும் உண்டு. முதலாவது, ஒரே விலை, எழுத்தில் பில். அளவை நிறுவையில் மோசடி செய்வோரை எச்சரிக்கவே அல்குர்ஆனில் ஒரு அத்தியாயம் இருக்கிறது. படகுக்காரர் ஒருவருக்கொருவர் வானொலியில் பேசிக் கொள்பவர்கள். ஒருவரை ஏமாற்றினால் அடுத்த துறைமுகத்தில் நிற்பவருக்கும் அன்றே தெரிந்துவிடும்.

இரண்டாவது, அவரது தேவையை அறிதல். கழுவாத, குளிரூட்டாத முட்டையையே அவர் தேடுவார். நீண்ட பயணத்தில் அதுதான் தாங்கும். மரக்கறியும் அப்படியே. கரப்பான் முட்டை வருமென்று காகிதப் பெட்டியைப் படகில் ஏற்றமாட்டார். கூடையில் கொடுப்பவரிடமே மறுபடி வருவார்.

மூன்றாவது, கைத்தொழில். நெடுநாள் மீன்பிடிப் படகுக்கு ஃபைபர் கிளாஸ் வேலை செய்யத் தெரிந்தவர்கள் பேருவளையிலும் இருக்கிறார்கள். நமது இளைஞர்கள் அதனோடு படகு மின்வேலையையும் பாய் தைத்தலையும் பழகிக்கொண்டால் இந்தத் தொழிலுக்குள் நுழையலாம்.

மெரினா வந்தால் மதுவும் வருமே என்று சிலர் தயங்குவார்கள். நியாயமான தயக்கம். லங்காவியின் தீர்வையற்ற கடைகளிலும் மது உண்டு. ஆனால் மேலே சொன்ன தொழில்களில் எதற்காவது மது வேண்டுமா? ஹராமான பகுதியை விட்டாலும் ஹலாலான பகுதி பெரிதாகவே இருக்கிறது. அதையும் சேர்த்துக் கைவிடுவது பேணுதல் ஆகாது.

வழிப்போக்கரிடம் ஒருமுறை அதிகமாகப் பெறுவது இலாபம் போலத் தோன்றும். தங்குகிறவரிடம் நியாயமாகப் பலமுறை பெறுவதே வியாபாரம். அல்லாஹ் நமது தொழில்களில் பரக்கத் செய்வானாக.