கண்ணுக்குள் கரண்ட்!

கண்ணை மூடிக்கொண்டு, ஓரத்தில் விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். (மேனேஜர் ரவுண்ட்ஸ் வராத நேரமாக இருக்கட்டும்!) ஒரு வெளிச்ச வட்டம் தெரிகிறதா? வெளியே விளக்கு எதுவும் எரியவில்லை. விழித்திரையை எது சீண்டினாலும் மூளைக்கு அது 'வெளிச்சம்' என்றுதான் போய்ச் சேரும்.

1755-லேயே ஷார்ல் லெ ருவா என்கிற பிரெஞ்சு டாக்டர், பார்வையில்லாத ஒருவரின் தலையைச் சுற்றிக் கம்பி கட்டி மின்சாரம் பாய்ச்சினார். அந்த மனிதருக்குக் கண்ணெதிரே தீப்பிழம்பு தெரிந்தது. பார்வை மட்டும் வரவில்லை, பாவம்!

போடிமெட்டில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் என் மாமாவுக்கு 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோஸா'. முதலில் மாலைக்கண். அப்புறம் ஓரப்பார்வை போய், இப்போது மூங்கில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம். காய் பச்சையா, வெளுப்பா என்று பார்த்துச் சொல்வது இப்போதெல்லாம் பையன்தான்.

"ஏன் மாப்ள, கண்ணுக்குள்ள ஏதோ சிப்பு வைக்கிறாங்களாமே... நமக்கு ஆகுமா?" என்றார் போன மாதம்.

இந்த வியாதியில் சாவது வெளிச்சத்தைப் பிடிக்கும் செல்கள். மூளைக்குச் சேதி அனுப்பும் கேங்க்லியன் செல்கள் கண்ணுக்குச் சுமார் பத்து லட்சம். அவற்றில் நிறைய பிழைத்திருக்கும். கடுதாசி எழுதத்தான் ஆளில்லை, தபால்காரர் இருக்கிறார். அவரைக் கரண்ட் கொடுத்து எழுப்பலாம். மார்க் ஹுமாயூன் குழுவினரின் 'ஆர்கஸ் 2' அதைத்தான் செய்தது. மூக்குக்கண்ணாடியில் கேமரா, விழித்திரைமேல் 60 மின்முனைகள். 2013-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சிக்கல் எங்கே என்றால், சில செல்கள் வெளிச்சம் வந்தால் துடிக்கும். சில வெளிச்சம் போனால் துடிக்கும். கரண்டுக்கு இந்த வித்தியாசம் ஏது? இரண்டையும் ஒரே உலுக்காக உலுக்கிவிடும். மூளைக்கு 'ஆமாம்', 'இல்லை' இரண்டும் ஒரே தபாலில்! பக்கத்தில் ஓடும் நரம்பிழையில் பட்டால் புள்ளி கோடாக இழுத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் தொடர்ந்து கொடுத்தாலோ, கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். தலையை ஆட்டி ஆட்டித்தான் பார்க்க வேண்டும். போடிமெட்டுப் பனிமூட்டத்தில் எதிரே வரும் ஹெட்லைட் மாதிரி. ஜீப்பா, லாரியா தெரியாது. ஒதுங்கிக்கொள்ளலாம்.

விலை சுமார் ஒன்றரை லட்சம் டாலர். 2019-ல் தயாரிப்பு நின்றது. பொருத்திக்கொண்ட 350-க்கும் மேற்பட்டவர்களுக்கு ரிப்பேர் பார்க்க ஆளில்லை. (டி.வி. என்றால் பரணில் போடலாம். கண்ணை?)

2025-ல் வெளியான முடிவுகளின்படி, 'பிரைமா' என்ற 2 மில்லிமீட்டர் சிப்பைப் பொருத்தி, ஒரு வருஷம் கவனித்த 32 பேரில் 26 பேருக்குப் பார்வை நன்றாகவே முன்னேறியது. ஆனால் அது வயதானவர்களுக்கு நடுப்பார்வை போகும் வேறு நோய்க்கு.

"உங்களுக்குத்தான் நடுப்பார்வை மிச்சம் இருக்கே மாமா. அதுல யாரும் கத்தி வைக்க மாட்டாங்க."

"அப்ப முழுசாப் போனாத்தான் சேத்துக்குவாங்களா?"

பேச்சை மாற்றினேன். இது பரம்பரையாக வருவது. சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு அதிகம் என்றேன். மாமா குரல் சட்டென்று இறங்கியது.

"உன் தங்கச்சியை நம்ம பயலுக்குப் பேசி வச்சிருக்கோமே, மாப்ள?"

"முதல்ல ரெண்டு பேருக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ணுவோம் மாமா. பத்திரிகை அப்புறம் அடிக்கலாம்."

"சரி... உங்க அத்தைகிட்ட நீயே சொல்லிரு" என்று போனை வைத்துவிட்டார்.