மீன் கூடைக்கும் பஸ்ஸில் இடம் வேண்டும்

குடியாத்தம் தோழர்களே,

நமக்குக் கடல் தூரம்தான். ஆனா உழைச்ச உடம்புல ஒட்டுற வாடை நமக்குப் புதுசில்லை. பீடி சுத்துற அம்மா கையில் புகையிலை வாடை. பேரணாம்பட்டு, ஆம்பூர் தோல் ஷாப்புக்குப் போய் வர்றவங்க துணியில் தோல் வாடை.

2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு மூதாட்டியை, நாற்றம் வீசுவதாகச் சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்திலேயே நின்று நியாயம் கேட்டார் அந்த அம்மா. தமிழ்நாடே அந்த வீடியோவைப் பார்த்தது. முதல்வர் கண்டித்தார், டிரைவர், கண்டக்டர், நேரக்காப்பாளர் மூவரும் சஸ்பெண்ட். சரி, அதோட முடிஞ்சுதா?

கட்டுமரமோ நாட்டுப்படகோ, ஆண் பிடித்து வரும் மீன் காசாவது பெண்ணின் தலைச்சுமையில்தான். கடன் வாங்கி ஏலம் எடுப்பது, ஐஸ் போடுவது, தெருத்தெருவாகக் கூவி விற்பது, மிஞ்சியதைக் கருவாடாக்குவது எல்லாமே பெண்கள்தான். நஷ்டம் வந்தாலும் அவங்க தலையிலதான்.

அதே 2021இல் கேரளம், திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் பெண்களுக்கென்றே கட்டணமில்லா 'சமுத்ரா' பேருந்துகளை விட்டது. கூடையோடு ஏறலாம், யாரும் முகம் சுளிக்க முடியாது. நம் கடற்கரையிலும் மீன் இறங்கும் ஒவ்வொரு ஊரிலிருந்தும் விடியற்காலையில் சந்தைக்கு அப்படி ஒரு வண்டி வேண்டும். குடியாத்தத்திலிருந்தும் சேர்ந்து கேட்போம்.