அந்த ஒரு வரியை மாற்றிக் கொடுங்கள்: பாதுகாப்புத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

ராணுவத்தில் எழுத்தர் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, வேலூர் மாவட்டத்தில் வசிக்கிறேன். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெரு குறைவு. பட்டாளத்துக்காரர்களுக்குப் பெயர்போன கம்மவான்பேட்டையைப் பற்றித் தாங்களும் கேள்விப்பட்டிருக்கக்கூடும். பென்ஷன் பாக்கி, ஆயுள் சான்று, பெயர்த் திருத்தம் என்று வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வழக்கம். அலைய வைத்தாலும் அந்த வேலைகள் கடைசியில் முடிந்துவிடும். முடியாமல் வருடக்கணக்கில் நிற்பது ஒரே வகை மனுதான். படையிலிருந்து அனுப்பப்பட்டவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 'காரணம்' என்று எழுதியிருக்கிறதே, அந்த வரியை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கும் மனு. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு சிப்பாயை என்னென்ன காரணங்களுக்காக வீட்டுக்கு அனுப்பலாம் என்று 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளின் 13-ஆம் விதி பட்டியல் போட்டுச் சொல்கிறது. பணிக்காலம் முடிந்தவர், உடல் தகுதி இழந்தவர், தானே கேட்டு விலகியவர், இவற்றில் எதிலும் சேராத 'இதர வகை'யினர் என்று அது போகிறது. பணிக்காலத்தை முடித்து வந்தவருக்கு அந்த வரியால் ஒரு தொல்லையும் இல்லை. உடல் தகுதி இழந்தவர் என்று மருத்துவக் குழு சொல்லி 'போர்டு அவுட்' ஆகி வந்தவருக்கோ, மிச்சமிருக்கும் வாழ்க்கை முழுவதையும் அது முடிவு செய்துவிடுகிறது. மருத்துவக் குழு தன் அறிக்கையில், இந்த நோய் படைப்பணியால் வந்ததா, படைப்பணியால் முற்றியதா என்ற கேள்விகளில் ஒன்றுக்காவது 'ஆம்' என்று எழுதி, பாதிப்பு 20 சதவீதமாவது இருந்தால், எத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்று பாராமல் இயலாமை ஓய்வூதியம் உண்டு. இரண்டுக்கும் 'இல்லை' என்று எழுதிவிட்டால், பத்தாண்டு முடிக்காதவர் ஒரு தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். பத்தாண்டு என்ற தடையை 2020-ல் தங்கள் அமைச்சகம் நீக்கியது. ஆனால் அந்தச் சலுகை 2019 ஜனவரி 4 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் இருந்தவர்களுக்கு மட்டுமே. அதற்கு முன்னால் வந்தவர்கள் வந்தவர்களாகவே இருக்கிறார்கள்.

பணம் மட்டும் போவதில்லை. உடல்நலக் காரணத்தால் விடுவிக்கப்பட்டவர் 'முன்னாள் படைவீரர்' என்று கணக்கில் சேர, மத்திய அரசு வேலைவாய்ப்புக்கான வரையறைப்படி, அவருக்கு மருத்துவ ஓய்வூதியமோ இயலாமை ஓய்வூதியமோ கிடைத்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் இட ஒதுக்கீடு இல்லை, படைவீரர் மருத்துவத் திட்டமும் இல்லை. சீருடை போட்டு, துப்பாக்கி ஏந்தி, எல்லையில் நின்ற மனிதர் சட்டத்தின் கண்ணில் முன்னாள் படைவீரரே இல்லை என்றாகிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தார். எட்டாவது ஆண்டில், உயரமான பனிமலைக் காவல் நிலை ஒன்றில், இரவுக் காவல் முடிந்து கூடாரத்துக்குத் திரும்பும்போது வலிப்பு வந்து விழுந்தார். கூட இருந்தவர்கள் தோளில் சுமந்து இறக்கினார்கள். ராணுவ மருத்துவமனை, மருத்துவக் கேட்டகரி குறைப்பு, மறுபடி மருத்துவமனை, மெடிக்கல் போர்டு என்று போய் முடிவில் வீடு வந்து சேர்ந்தார். அவர் வீட்டுக் கூடத்தில் அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டி இன்னும் இருக்கிறது. மூடியில் படை எண்ணும் பெயரும் வெள்ளைப் பெயிண்டில் அழியாமல் நிற்கின்றன. டிஸ்சார்ஜ் புத்தகத்தை ஒரு பழைய பட்டுத்துணியில் சுற்றி அதில் வைத்திருக்கிறார் அவருடைய அம்மா. பிரித்துப் பார்த்தேன். 'நடத்தை: மிக நன்று' என்று அதிகாரி எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். அதனுடனே தைத்து வைத்திருந்த கடிதத்தில், நோய் உடலமைப்பிலேயே இருந்தது, படைப்பணியோடு தொடர்பில்லாதது என்று இருக்கிறது. ஏன் அப்படி என்று ஒரு சொல் இல்லை.

"மலைக்குப் போறதுக்கு முன்னாடி எம்புள்ளைக்கு ஒரு தலைவலி கூட வந்ததில்ல தம்பி" என்றார் அந்தத் தாய். "எழுதினவங்க அவனச் சின்ன வயசுல பார்த்தாங்களா?"

அந்த மகன் இப்போது கிணற்றடிக்குத் தனியாகப் போகக் கூடாது. சைக்கிள் ஓட்டக் கூடாது. தெருவில் விழுந்தால் யாராவது ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். காவலாளி வேலைக்குப் போன இடங்களில் பட்டாளத்துக்காரர் என்றதும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததும் பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தத் தாய் கேட்டதைத்தான் சட்டமும் கேட்கிறது. ஆள் சேர்ப்பு முகாமில் ஒரு பையனை 1.6 கிலோமீட்டர் ஓடவிட்டு, ஒன்பதடிப் பள்ளம் தாண்டவிட்டு, கம்பியில் தொங்கவிட்டு, கண், காது, பல், மார்பு, பாதம் என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்து, முழுத் தகுதி உள்ளவன் என்று படையின் மருத்துவரே கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். அப்படி எடுத்தவரிடம் எட்டு வருடம் கழித்து, இது உன் உடம்பில் முன்பே இருந்தது என்று சொன்னால், சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1982-ஆம் ஆண்டு ஓய்வூதியத் தகுதி விதிகள் இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தன. சேரும்போது குறிப்பு எதுவும் எழுதப்படாத நோய், பணியில் வந்ததாகவே கொள்ளப்படும். சேர்க்கையின்போது அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று மருத்துவக் குழு கருதினால், அதற்குக் காரணம் எழுத வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயுடையது அல்ல. சந்தேகம் வந்தால் அதன் பலன் அவருக்கே.

இந்த விதிகளை எடுத்து வைத்துத்தான் 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவரும் 1985-ல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்து, 1994-ல் வலிப்பு நோயால் அனுப்பப்பட்டவர்தான். அவருக்கும் இதே பதில்தான் கொடுத்திருந்தார்கள். காரணம் எழுதாத மருத்துவக் கருத்தை வைத்து ஓய்வூதியத்தை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். மனச்சிதைவு நோயால் அனுப்பப்பட்ட ஒருவரின் வழக்கில் 2025-லும் இதையே திரும்பச் சொன்னது. ஒரே நியாயத்தை நாட்டின் உச்ச நீதிமன்றம் எத்தனை முறை சொல்ல வேண்டும், ஐயா? ஒவ்வொரு தீர்ப்பும் வழக்குப் போட்டவரோடு நின்றுவிடுகிறது. அதே சொற்களால் அனுப்பப்பட்ட மற்றவர்களின் கோப்பை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அவரவர் தனியாக வழக்கறிஞர் வைத்து, ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போய், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தீர்ப்பாயம் வந்தது நல்லதுதான். அதை நான் குறை சொல்லவில்லை. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து 2009-லிருந்து இயங்கும் அந்த அமைப்பு எங்கள் பக்கத்து எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அங்கே வழக்குப் போட ஆறு மாதக் கெடு இருக்கிறது. தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனு போட்டாக வேண்டும். ஜெயித்தாலும், காலம் கடந்து வந்தவருக்குப் பொதுவாக மூன்றாண்டு நிலுவைதான் கிடைக்கும். ஜெயித்த பிறகும் அரசுத் தரப்பு விடுவதில்லை. தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. இயலாமை ஓய்வூதிய வழக்குகளில் அந்த வழியைப் பிடித்துக்கொண்டு வருவது பெரும்பாலும் அரசுதான். இத்தகைய மேல்முறையீடுகளைக் குறைக்க வேண்டும் என்று 2015-ல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை தங்கள் அமைச்சகத்திலேயே இருக்கிறது.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. ஓய்வூதியம் பெறாதவரின் சேவை ஆவணங்களை 25 ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு அழித்துவிட ராணுவ ஒழுங்குமுறைகள் அனுமதிக்கின்றன. 1990-களில் போர்டு அவுட் ஆனவர்கள் இப்போது மனு எழுதினால், 'ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன' என்று ஒரு பத்திப் பதில் வருகிறது. மருத்துவக் குழுவின் அறிக்கை இல்லை, எந்த உயரத்தில் எத்தனை மாதம் இருந்தார் என்ற பதிவு இல்லை. காரணம் எழுதாமல் விட்டதும் அரசு, காகிதத்தை அழித்ததும் அரசு. சான்று கொண்டுவா என்று கேட்பது மட்டும் அந்தச் சிப்பாயிடம். எழுத்தர் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பழைய கோப்புகளைக் கழிக்காமல் எந்த ஆவண அலுவலகமும் ஓடாது. ஆனால் மறுக்கப்பட்ட ஓய்வூதியக் கோப்பு வேறு. அதில் ஒரு மனிதனின் வழக்கு முடியாமல் கிடக்கிறது.

'இதர வகை'யில் அனுப்பப்பட்டவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்டனையைக் குறிக்கும் சிவப்பு மைப் பதிவுகள் நான்கு சேர்ந்துவிட்டால் 'சேவை இனித் தேவையில்லை' என்று அனுப்பிவிடும் பழக்கம் இருந்தது. விடுப்பு முடிந்து நாலு நாள் தாமதமாகத் திரும்பியவர்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். நான்கு பதிவு என்பதற்காகவே அனுப்பக் கூடாது, விசாரணை வேண்டும், அவர் எத்தனை ஆண்டு வேலை பார்த்தார், எவ்வளவு கடினமான இடங்களில் இருந்தார் என்பதை எடைபோட வேண்டும் என்று ராணுவத் தலைமையகமே 1988 டிசம்பரில் எழுதியிருந்தது. அதைக் கடைப்பிடிக்காத ஆணை செல்லாது என்று 2015-ல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன் விசாரணையின்றி அனுப்பப்பட்டவர்களின் புத்தகங்களில் அந்த வரி இன்றும் அப்படியே இருக்கிறது.

போலிக் கோரிக்கைகள் பெருகும், கருவூலம் தாங்காது என்று தங்களிடம் சொல்வார்கள். ஓய்வு பெறும் அதிகாரிகளில் பலர் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்காக இயலாமை ஓய்வூதியம் பெறுவதைத் தணிக்கை அறிக்கை சுட்டிக்காட்டியதையும் எடுத்துக் காட்டுவார்கள். அதைத் தனியே ஆராயுங்கள், தவறே இல்லை. முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வூதியத்தோடு போகிறவரின் கணக்கு அது. நான் பேசுவது இருபத்தேழு வயதில் வேலையும் உடம்பும் சேர்ந்து போன சிப்பாய்களைப் பற்றி. அந்த அறிக்கையைக் காட்டி இவர்களை மறுப்பது அநியாயம்.

அமெரிக்காவில் இதற்கென்றே படை ஆவணங்களைத் திருத்தும் வாரியங்கள் உண்டு. 1946-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் பிறந்தவை. பணியிலிருந்து அனுப்பப்பட்ட காரணம் தவறு என்று கருதுகிறவர் ஒரு படிவம் நிரப்பி அனுப்பலாம். ராணுவ வழக்கறிஞர்களோ படைத் தளபதிகளோ அல்லாத குடிமை அதிகாரிகள் அதைப் பரிசீலிக்கிறார்கள். வியட்நாம் போருக்குப் போய் மனம் சிதைந்து, ஒழுங்கீனம் என்ற பெயரில் அனுப்பப்பட்டவர்களின் மனுக்களைப் பரிவோடு பார்க்க வேண்டும் என்று 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல் ஆணையிட்டார். ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காக நீக்கப்பட்டவர்கள், 2011-ல் அந்தத் தடை நீங்கிய பிறகு, பழைய காரணத்தையே மாற்றி எழுதிக்கொள்ள வழி பிறந்தது. அங்கேயும் காலதாமதமும் நிராகரிப்பும் நிறைய இருக்கின்றன. ஆனாலும் நீதிமன்றம் ஏறாமல் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறது.

அப்படி ஒரு வாரியம் இங்கே வேண்டும். இப்போதிருக்கும் மேல்முறையீட்டுக் குழுக்கள் மறுத்த அதே அமைப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. அதனால் படைக்கு வெளியிலிருந்து ஒரு மருத்துவரும், போர்டு அவுட் ஆகி வந்த ஒருவரும் அந்த வாரியத்தில் இருக்க வேண்டும். மனுவைத் தமிழிலோ அவரவர் மொழியிலோ எழுதி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்தால் போதும் என்றாக வேண்டும். கெடு எதுவும் கூடாது. இறந்துபோனவர்களின் மனைவியும் தாயும் கேட்க உரிமை வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதி அனுப்ப வேண்டும்.

வாரியம் அமைக்கச் சட்டம் வேண்டும், காலம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு வேலைகளுக்குத் தங்கள் கையெழுத்து ஒன்றே போதும். ஓய்வூதியம் மறுக்கப்பட்ட எவருடைய ஆவணத்தையும் இனி அழிக்கக் கூடாது என்று எல்லா ஆவண அலுவலகங்களுக்கும் ஆணை அனுப்புங்கள். காரணம் எழுதாமல் 'இல்லை' என்று மட்டும் எழுதப்பட்ட போர்டு அவுட் கோப்புகளை, மனுவுக்குக் காத்திராமல், அலுவலகங்களே எடுத்து மறுபரிசீலனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் மேலே சொன்னவரின் மனுவை மறுபடியும் எழுதி, பதிவுத் தபாலில் அவருடைய ஆவண அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அவருடைய கோப்பு இன்னும் அங்கே இருக்கிறதா என்பதை முதலில் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் எழுத்தர் ஹவில்தார் ஒருவர்,
வேலூர் மாவட்டம்