வீடு தராமல் ‘ஊரில் தங்கு’ என்பதா?

கிராம நிர்வாக அலுவலர் தம் பணிக் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. கிராம சுகாதாரச் செவிலியரும் துணை சுகாதார நிலையத்தில் தங்கிப் பணியாற்ற வேண்டும் என்றே எதிர்பார்க்கப்படுகிறது. நடப்பு வேறு. அலுவல் நேரம் முடிந்ததும் நகரத்துக்குப் பேருந்து ஏறுவதே சிற்றூர்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது.

இதற்கு விலை கொடுப்பவர்கள் மக்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரப் பகுதியில் உள்ள மம்சாபுரம் போன்ற ஊர்களில் இரவில் எழும் பிரசவ வலியும், வனவிலங்கு புகுந்த வயலும், ஐப்பசி அடைமழையும் அலுவலக நேரம் பார்ப்பதில்லை.

முன்பு கிராம நிர்வாகத்தைக் கவனித்த பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது நியாயமான சீர்திருத்தம். அந்தப் பதவியினர் உள்ளூர்க்காரர்கள். சொந்த வீடு இருந்தது. அவர்கள் இடத்துக்குத் தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். அவர் எங்கே குடியிருப்பார் என்ற கேள்விக்கு இன்றுவரை முழுமையான விடை இல்லை.

வீட்டு வாடகைப்படி இருக்கிறதே என்பது விடையாகாது. சிற்றூரில் வாடகைக்கு வீடு கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் சாதி கேட்டுக் கதவடைக்கும் அவலம் இன்னும் ஒழியவில்லை. தனித்து வாழும் பெண் ஊழியருக்கு நெருக்கடி இரட்டிப்பு.

அரசால் முடியாத காரியமல்ல இது. காவலர் குடியிருப்புக்கென்றே 1981-இல் தனிக் கழகம் அமைத்த மாநிலம் இது. 1961-இல் உருவான வீட்டுவசதி வாரியமும் அரசு ஊழியர்களுக்கு வாடகைக் குடியிருப்புகள் கட்டியிருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் நகரங்களோடு நின்றுவிட்டன. கட்டிய குடியிருப்புகளும் பராமரிப்பின்றிப் பாழடைவது மக்கள் வரிப்பணத்துக்கு இழைக்கும் துரோகம்.

புதிய அலுவலகத்துக்கு ஒப்புதல் தரும்போதே குடியிருப்புக்கும் நிதி ஒதுக்க வேண்டும். துறைக்கொரு வீடு என்று சிதறாமல், வருவாய், சுகாதாரம், வனம், கல்வித் துறையினர் சேர்ந்து வாழும் பொதுக் குடியிருப்பைப் பேரூராட்சிதோறும் திட்டமிடலாம். குடிநீர், கழிப்பறை, சுற்றுச்சுவர், ஆண்டுப் பராமரிப்பு ஆகியவை அத்திட்டத்திலேயே அடங்க வேண்டும்.

அரசு வீடு கிடைத்தும் ஊரில் தங்காத ஊழியர்மீது தயக்கமின்றி நடவடிக்கை எடுக்கலாம். அதை நாம் ஆதரிப்போம். ஆனால் வீடு கட்டித் தராமல் விதியை மட்டும் காட்டும் அரசுக்கு, ஊழியரைக் குற்றம் சாட்டும் தகுதி இல்லை. முதல் பொறுப்பும் முதல் பிழையும் அரசினுடையவையே.