சாமி பேரையும் கடையில ஆர்டர் பண்ணணுமா?

ஓம் சரவணபவ. பதிவு கொஞ்சம் நீளம். முழுசா படிச்சிட்டு, திட்டுறதா இருந்தா அப்புறம் திட்டுங்க.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலின் முகப்புக்கு என்ன வைக்கிறதுன்னு போன ஞாயிறு கூட்டத்துல பேச்சு வந்தது. பாதிப் பேர் கடையில பேனர் அடிச்சிடலாம் என்கிறார்கள். போன வருசம் போல அட்டையில எழுத்து வெட்டி, காகிதம் ஒட்டி, பெயிண்ட் அடிச்சு வீட்டிலேயே செய்யணும் என்பது எங்கள் கருத்து. "இது பாலர் பள்ளி வேலை, கோயில் மானம் போயிடும்"னு ஒருத்தர் சொன்னார். அதனாலதான் இதை எழுதுறோம்.

மூணு வருசத்துக்கு முன்னால போலிஸ்டைரின் எழுத்து வாங்கினோம். பளபளப்பா இருக்கட்டும்னு தங்கக் கலர் ஸ்ப்ரே அடிச்சோம். அந்த ஸ்ப்ரேயில இருக்கிற கரைப்பான் போலிஸ்டைரினைக் கரைச்சிடும்னு அப்ப யாருக்கும் தோணல. 'கு' கண் முன்னாலேயே உருகிப் போச்சு. மிச்ச எழுத்து காத்துல உடைஞ்சு வெள்ளை வெள்ளையா சாக்கடையில மிதந்தது. 2017-லேயே கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் சாப்பாட்டுக்குப் போலிஸ்டைரின் பெட்டி கூடாதுன்னு விதி வந்தாச்சு. கீழே காகிதத் தட்டுல அன்னதானம், மேலே அதே போலிஸ்டைரின்ல சாமி பேரு!

அடுத்த வருசம் பேனர். அதைச் சொல்லவே கூச்சமா இருக்கு. கம்ப்யூட்டர்ல தமிழ் உடைஞ்சு போய், 'ரோ'வுடைய கொம்பு ர-வுக்குப் பின்னால நின்னது. 'த்' மேல இருக்க வேண்டிய புள்ளி பக்கத்துல தனியா கிடந்தது. கடைக்காரரைக் குத்தம் சொல்ல மாட்டோம், அவருக்குத் தமிழ் தெரியாது. மாதிரியை வாட்ஸ்அப்ல பார்த்து ஓகே சொன்னது நாங்கதான். பந்தலில் மோர் வாங்க வந்த ஒரு பெரியவர்தான் காட்டினார். பூசம் முடிஞ்ச ராத்திரி அதே பேனரைக் கீழே விரிச்சு உட்கார்ந்து சாப்பிட்டாங்க. முருகன் முகத்து மேல செருப்பு. விரிச்சதும் எங்க ஆளுதான்.

அதுக்கப்புறம்தான் போன வருசம் அட்டை. "பத்துமலை முருகனுக்கு அரோகரா" என்பதில் எழுத்து 15. ஆனா வெட்ட உட்கார்ந்தா துண்டு 21 வருது. 'லை'க்கு ரெண்டு, 'ரோ'வுக்கு மூணு, 'ரா'வுக்கு ரெண்டு, 'த்'துக்கும் 'க்'குக்கும் புள்ளி தனி. ஒரு பாட்டி மட்டும் ஒத்துக்கவே இல்லை. அவங்க படிச்ச காலத்து 'லை'க்குத் துதிக்கை உண்டு, ஒரே துண்டு. 1978-ல தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்ததையெல்லாம் எடுத்துச் சொன்னோம். "எம் முருகனுக்கு அரசாங்க ஆர்டர் கிடையாது"ன்னுட்டாங்க.

பெட்டி அட்டை எங்க ஃபேக்டரி ஸ்டோர்ல கேட்டு வாங்கினது. வருசக் கணக்கா பெட்டியோட வேலை பார்த்தவங்க என்பதால் ஒரு விசயம் சொல்றோம், கேட்டுக்கோங்க. அட்டைக்குள்ள நெளி நெளியா ஒரு வரி ஓடும். அது மேலிருந்து கீழா ஓடுற மாதிரி வெட்டினா எழுத்து நிமிர்ந்து நிக்கும். குறுக்க ஓடினா ரெண்டு நாள்ல தலை குனிஞ்சிடும். முதல்ல மாஜோங் காகிதத்துல ரெண்டடி உயரத்துக்கு வரைஞ்சுக்கணும். வெட்டின ஓரத்துக்கு மரவள்ளி மாவுக் கஞ்சியில நனைச்ச நியூஸ்பேப்பரைக் கீத்து கீத்தா ஒட்டணும். தண்ணீர் பெயிண்டை ஒரு பக்கம் மட்டும் அடிச்சா அட்டை அப்பளம் மாதிரி வளையும். பின்பக்கமும் ஒரு கோட் அடிச்சு, காய்ஞ்ச பிறகு ராத்திரி மேல அரிசி மூட்டையை வைங்க. புள்ளிக்கு சத்தே குச்சி ரெண்டு செருகினோம், ஒண்ணு போதாது, சுத்தும். கலர் பசங்க இஷ்டம். 2018-ல பத்துமலையின் 272 படிக்கும் அடிச்ச கலரைப் போன்ல பார்த்துப் பார்த்து அடிச்சாங்க.

நியூஸ்பேப்பர் கிழிக்கும்போது ஒரு வீட்டுல பழைய தமிழ் நேசன் கட்டு வந்தது. 1924-ல தொடங்கி 2019-ல நின்னுபோன பேப்பர். கிழிக்க மனசு வரல. அதை அப்படியே திருப்பிக் கொடுத்தோம். சாமி படம் இருந்த பக்கத்தையும் தனியா எடுத்து வச்சிட்டோம்.

'ரோ' செஞ்சது தேசியப் பள்ளியில ஆறாம் வகுப்பு படிக்கிற பையன். தமிழ் நல்லா பேசுவான், படிக்கத் தெரியாது. மூணு துண்டையும் கையில வச்சுக்கிட்டு, "அங்கிள், ஒரு எழுத்துக்கு ஏன் மூணு?"ன்னு கேட்டான். உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தோம். ரெண்டு வாரம் கழிச்சு அவன் அம்மா சொன்னாங்க: கிள்ளான் தெங்கு கிளானா சாலையில நடக்கும்போது கடைப் பலகையில தெரிஞ்ச எழுத்தை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிப் படிக்கிறானாம். முழு வார்த்தை இன்னும் வரல. அந்தப் பையன் முந்தின வருசம் பேனர் கட்டக் கயிறு பிடிச்சவன். தான் பிடிச்சிருந்தது என்ன எழுத்துன்னு அப்ப அவனுக்குத் தெரியாது.

கோணல்மாணலா இருந்ததா? இருந்தது. 'னு' ஒரு பக்கம் சாய்ஞ்சே நின்னது. வேலை முடிய மூணு வாரம் ஆச்சு. ஓ.டி. முடிச்சு வந்து உட்கார்ந்தவங்க, சமையலை முடிச்சிட்டு வந்த அம்மாக்கள், எல்லாருக்கும் அலுப்புதான். ஒரு மழையில 'ப' ஊறிப்போய் மறுபடி வெட்டினோம். காணாமல் போன பிள்ளைகளுக்கான அறிவிப்பு, முதலுதவி இடம், போன் நம்பர் எல்லாம் அச்சடிச்சுத்தான் ஆகணும். அதுல நாங்க வாதாடல. சாமி பேரு மட்டும் நம்ம கையால வரட்டும் என்கிறோம். 1892-ல பத்துமலையில தைப்பூசம் தொடங்கின காலத்துல யாரும் பேனர் கடைக்குப் போயிருக்க மாட்டாங்க.

போன வருச எழுத்து இப்ப எங்க வீட்டு அலமாரி மேல பழைய வேட்டியில சுத்தி பத்திரமா இருக்கு. யாரும் மிதிக்கல, குப்பைக்கும் போகல. மேல் காகிதத்தை உரிச்சிட்டுப் புதுசு ஒட்டினா இந்த வருசத்துக்கும் ஆகும். மூணு நாலு எழுத்துதான் புதுசா வெட்டணும்.

வர்ற சனிக்கிழமை சாயங்கால பூஜை முடிஞ்சதும் கோயில் மண்டபத்துல உட்காருறோம். பேனர்தான் வேணும்னு சொல்றவங்களும் வாங்க, நேர்ல பேசுவோம். பழைய நியூஸ்பேப்பர், வீட்டுக்கு அடிச்சது போக மிஞ்சின பெயிண்ட், பெரிய பெட்டி இருந்தா கொண்டு வாங்க. கத்தியை நாங்க கொண்டு வர்றோம், பசங்க கையில கொடுக்க மாட்டோம். பாட்டியும் வர்றதா சொல்லியிருக்காங்க. அதனால 'லை' ஒரு துண்டா ரெண்டு துண்டான்னு இன்னும் முடிவாகல.

முருகா சரணம்.