ரோபோவைச் செய்தது யாருடைய கை?



மாலை மதரஸாவில் ஓதித் தரும் நமக்கு ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஒரே விதமான வேண்டுகோள் வருகிறது. "ஹஜ்ரத், பிள்ளைக்கு ரோபோட்டிக்ஸ் போட்டி இருக்கு. ரெண்டு மாசம் மஃரிபுக்கு அப்புறம் ஓத வர முடியாது" என்று பெற்றோர் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். நாம் முகம் சுளிப்போம், ஓதலைவிடப் பொம்மை வண்டி பெரிதாகிவிட்டதா என்று கேட்போம் என எதிர்பார்த்தே வருகிறார்கள். அப்படி நாம் கேட்பதில்லை. இவ்வாண்டு அவ்வாறு வந்த மூன்று பிள்ளைகளுக்கு ஃபஜ்ருக்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்கினோம். சபக் தடைபடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். நம் மனத்தை உறுத்துவது இன்னொன்று. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இப்பிள்ளைகள் ஆயத்தமாவது உலக ரோபோ ஒலிம்பியாட் என்னும் போட்டிக்கு. 2004-ல் சிங்கப்பூரில் தொடங்கிய இப்போட்டியின் உலக இறுதிச் சுற்று 2015-ல் தோஹாவிலும், மறு ஆண்டு புதுதில்லியிலும், 2024-ல் துருக்கியின் இஸ்மிர் நகரிலும் நடந்திருக்கிறது. இதில் ரோபோமிஷன் என்றொரு பிரிவு. இரண்டு அல்லது மூன்று மாணவர்கள் ஓர் அணி. அவர்களுக்கு ஒரு பயிற்சியாளர். மேசையில் விரித்த வரைபடத்தின்மேல் சிறு வண்டி ஒன்று, எவருடைய கையும் படாமல் தானாகவே ஓடி, நிறங்களை இனங்கண்டு, கட்டைகளை எடுத்து உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். கிடைக்கும் நேரம் இரண்டு நிமிடம். புறப்படும்போது வண்டி நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 25 சென்டிமீட்டருக்குள் அடங்கியிருக்க வேண்டும்.

அதன் விதிகளைப் பிள்ளைகள் நமக்கு விளக்கியபோது வியந்துபோனோம். வண்டியைப் பூட்டிய நிலையில் கொண்டுபோகக் கூடாது. உதிரிப் பாகங்களாகக் கொண்டுபோய், அங்கே வைத்துத்தான் பூட்ட வேண்டும். பிள்ளைகள் பூட்டும்போதும் ஓட்டிப் பார்க்கும்போதும் பயிற்சியாளர் அவர்களுடைய இடத்திற்குள் வரக் கூடாது. இவை போதாவென்று, அன்று காலையில் எவரும் அறியாத புது விதி ஒன்றையும் அறிவிப்பார்கள். அதற்கேற்பப் பிள்ளைகளே தம் வண்டியையும் நிரலையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஹிஃப்ழ் தேர்வில் தேர்வாளர் முஸ்ஹஃபை எங்கேனும் திறந்து, ஓர் ஆயத்தின் நடுவிலிருந்து "ஓது" என்பாரே, அதுதான் நம் நினைவுக்கு வந்தது. மனனம் செய்தவனையும் செய்ததுபோல் காட்டுபவனையும் பிரித்தறிய அதைவிடச் சிறந்த வழி இல்லை.

இவ்வளவு காவல் எதற்கு? பெரியவர்களை வெளியே நிறுத்தத்தான். உலகெங்கும் பெற்றோர் ஒரே மாதிரிதான் போலும்.

சென்ற மாதம் ஒருநாள் ஃபஜ்ர் வகுப்பு முடிந்து மற்ற இருவரும் எழுந்து போன பின், ஒரு பையன் மட்டும் உட்கார்ந்தே இருந்தான். வயது பன்னிரண்டு. "ஹஜ்ரத், ஒண்ணு கேக்கலாமா? எங்க அத்தா ஆபீஸ்ல இருக்குற அண்ணன் ஒருத்தர்தான் எங்க ரோபோவுக்கு புரோகிராம் எழுதித் தந்தாங்க. யாராவது கேட்டா நாங்களே எழுதினோம்னு சொல்லச் சொல்றாங்க. அது பொய்யா?" என்றான். "பொய்தான்" என்றோம். "அத்தா சொன்னா கேக்கணும்ல?" என்றான். அதற்கு உடனே விடை சொல்ல நமக்கு வரவில்லை. பெற்றோருக்குக் கட்டுப்படுவதைப் பற்றி அவனுக்குப் பாடம் நடத்தி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பெற்றோரே, அந்தப் பிள்ளையின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். உலகக் கல்வியில் அவன் முன்னேற வேண்டும் என்ற நல்ல நிய்யத்தோடுதான் அத்தாவும் உம்மாவும் பணத்தைச் செலவழிக்கிறார்கள். அந்தப் பெட்டி ஒன்றே பல பத்தாயிரம் ரூபாய் விலை. ஆனால், அவன் கையில் கிடைத்திருப்பது அவன் செய்யாத ஒரு வண்டி. அதோடு நடுவர்முன் சொல்வதற்கு ஒரு பொய். படைத்தவனுக்கு மாறு செய்யும் காரியத்தில் படைப்பினத்திற்குக் கட்டுப்படுதல் இல்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. அந்தச் சட்டத்தைத் தன் அத்தாவின்மீது பொருத்திப் பார்க்கும் நிலைக்கு ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நாம் தள்ளலாமா?

கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அதற்குள் கைவிட்டுப் பார்த்த நிகழ்வு ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அடியில் ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை எல்லோரும் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். வியாபாரிகளுக்கு இதை எத்தனை ஜும்ஆ மேடைகளில் சொல்லியிருக்கிறோம்! பள்ளிக்கூடத்தின் செய்முறைப் பயிற்சிக்கும், கண்காட்சி மாதிரிக்கும், ரோபோ வண்டிக்கும் இது பொருந்தும் என்று நாம் சொன்னதே இல்லை. மேலே காய்ந்த தானியம்போல் பிள்ளையின் பெயர். அடியில் சம்பளம் வாங்கும் ஒருவரின் உழைப்பு.

பொய் ஒருபுறம் இருக்கட்டும். பிள்ளைக்கு இதில் ஏற்படும் இழப்பையும் சொல்ல வேண்டும். அதே அணியில் உள்ள இன்னொரு பையன் நமக்கு ஒரு கதை சொன்னான். நேராகப் போக வேண்டிய வண்டி இடப்பக்கமாகவே சாய்ந்துகொண்டிருந்ததாம். முதல் நாள் நிரலில் பிழை என்று நினைத்து எண்களை மாற்றினார்கள். மறுநாள் மின்கலம் இறங்கியிருந்தால் ஓட்டம் மாறும் என்று யாரோ சொல்ல, முழுக்க ஏற்றிவிட்டு ஓட்டினார்கள், அப்போதும் சாய்ந்தது. மூன்றாம் நாள் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், ஒரு சக்கரத்தின் அச்சில் தரைவிரிப்பின் நூல் சுற்றிக்கிடந்தது! இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எந்தக் கோப்பையும் தராது. அந்தப் பொறியாளர் அருகில் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். மூன்று நாள் பொறுமையும், ஒவ்வொரு காரணமாகச் சோதித்து விலக்கும் பழக்கமும் அவரிடமே தங்கியிருக்கும்.

ஓதித் தருபவர் எவரும் இதை அறிவார். பிள்ளை ஓர் ஆயத்தில் தடுமாறும்போது நாமே அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தால் சபக் விரைவாக முடியும். மறுநாள் அதே இடத்தில் அவன் மீண்டும் நிற்பான். ஆகவே, நாம் மேசையைத் தட்டிவிட்டு வாய்மூடி இருக்கிறோம். அந்த மௌனம் ஓதுபவனைவிட உஸ்தாதுக்கே கடினமானது.

நம் மேடைகளில் ரோபோ என்றதும் அல்-ஜஸரீயின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவது வழக்கமாகிவிட்டது. தியார்பக்ர் பகுதியை ஆண்ட அர்துகீ அரசர்களிடம் பணியாற்றிய அப்பெருமகனார், 1206-ல் எழுதி முடித்த நூலில் யானைக் கடிகாரம், வுளூச் செய்யத் தண்ணீர் ஊற்றும் பொறி என ஐம்பது சாதனங்களை விவரித்தார். பெருமைப்படலாம், தவறில்லை. ஆனால், அவர் தமக்கு முன்னோர் செய்தவற்றைத் தம்முடையவையாகக் காட்டிக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? பக்தாதின் பனூ மூஸா சகோதரர்களிடமிருந்து எடுத்ததை அவர்கள் பெயராலேயே குறிப்பிட்டார். அதில் தாம் கண்ட குறையையும் எழுதினார். வேறு கைவினைஞர் பார்த்துச் செய்துகொள்ளும் அளவுக்குப் பாகம் பாகமாக விளக்கினார். தம் கையால் செய்தவருக்குத்தான் அது இயலும்.

நம் காலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2017-ல் வாஷிங்டனில் நடந்த வேறொரு உலகப் போட்டிக்கு ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரிலிருந்து பள்ளி மாணவியர் அணி ஒன்று சென்றது. விசா இருமுறை மறுக்கப்பட்டு, கடைசி நேரத்தில்தான் அனுமதி கிடைத்தது. அனுப்பிய பாகங்கள் சுங்கத்தில் தேங்கியதால் மற்ற நாட்டு அணிகளைவிட மிகக் குறைந்த காலத்திலேயே அவர்கள் தம் இயந்திரத்தைச் செய்ய வேண்டியிருந்தது. துணிவுமிக்க சாதனைக்கான வெள்ளிப் பதக்கம் அவர்களுக்குக் கிடைத்தது. அதைவிட நம்மைக் கவர்ந்தது 2020-ல் நடந்தது. கொரோனா பரவியபோது அதே ஹெராத்தில் இந்த அணியின் பெண்பிள்ளைகள் பழைய டொயோட்டா கொரோலா காரின் பாகங்களைக் கொண்டு செயற்கைச் சுவாசக் கருவியின் மாதிரியை உருவாக்கினார்கள். எவரோ செய்து கொடுத்த ரோபோவோடு மேடையேறியவர்களாக இருந்தால் அந்நாளில் அவர்களால் என்ன செய்திருக்க முடியும்? பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று நம்மிடம் கேட்கும் சகோதரர்களும் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

அந்தப் பையனின் அத்தாவை இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் முன்றிலில் சந்தித்தோம். மகன் கேட்டதைச் சொல்லாமல், பொதுவாகவே பேச்சைத் தொடங்கினோம். அவருக்குப் புரிந்துவிட்டது. "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க ஹஜ்ரத். நம்ம பிள்ளை மட்டும் தோத்துட்டு வரணுமா?" என்றார். நாம் தானியக் குவியலின் ஹதீஸைச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், மிக மரியாதையாகவே கேட்டார்: "போன வருஷம் நம்ம மதரஸா ஆண்டு விழாவுல இவன் பேசி முதல் பரிசு வாங்கினானே, அந்தப் பேச்சை எழுதினது யாரு ஹஜ்ரத்?"

எழுதியது நாம். ஏழு பக்கம், நம் கையெழுத்தில். எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்தும் கொடுத்தோம். அவன் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான். அவன் வயதில் இப்படியொரு சிந்தனையா என்று தலைமை தாங்கியவர் பாராட்டினார்; நாமும் மேடையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஏறத்தாழ எல்லா மதரஸாக்களிலும் இதுதான் நடைமுறை. அதனால்தான் அது தவறென்றே நமக்குத் தோன்றவில்லை. "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்ற அவர் சொல்லுக்கு நம்மிடம் அன்று மறுமொழி இல்லை.

ஒரு வாரம் கழித்து அவரிடம் போய், இவ்வாண்டு விழாவில் பிள்ளைகள் தாமே எழுதியதைத்தான் பேசுவார்கள் என்று சொன்னோம். தலைப்பைக் கொடுப்போம், கேள்விகளுக்கு விடை சொல்வோம், ஆயத்தும் ஹதீஸும் சரியாக உள்ளனவா என்று பார்ப்போம், எழுத மாட்டோம். பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்தால் முடியட்டும். நிர்வாகத்தில் சிலருக்கு இதில் வருத்தம்தான். விழாவுக்கு வெளியூரிலிருந்து ஆலிம்கள் வருவார்களே என்றார்கள். வரட்டும்.

பெற்றோரிடமும் நாம் வேண்டுவது இந்த அளவுதான். பாகங்கள் வாங்கிக் கொடுங்கள். பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள். பற்சக்கரம் எப்படி வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டுகிறது என்று தெரிந்தால் சொல்லிக் கொடுங்கள். போட்டிக்குக் கூட்டிப்போகும்போது பையில் தொழுகை விரிப்பை வைத்து, ளுஹருக்கு எங்கே இடம் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வண்டியில் கைவைக்காதீர்கள். பிள்ளை அதை முழுவதும் பிரித்துப்போட்டு, உங்கள் உதவியின்றி மறுபடியும் பூட்டுகிறானா என்று ஒருநாள் பாருங்கள். பூட்ட முடிந்தால் அது அவனுடையது.

அந்தப் பையனின் அத்தா நமக்கு வாக்குறுதி எதுவும் தரவில்லை. ஆயினும், சென்ற வாரம் அவன் ஓத வந்தபோது ஒரு செய்தி சொன்னான். அண்ணன் எழுதிய நிரலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மூவருமாகச் சேர்ந்து முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். முன்பு எல்லாக் கட்டைகளையும் சேர்த்த வண்டி இப்போது மூன்றாவது கட்டையை எடுக்காமலேயே திரும்பிவிடுகிறதாம். "கலர் சென்சார் வெளிச்சத்துல குழம்புது ஹஜ்ரத், வெள்ளிக்கிழமை அஸருக்கு அப்புறம் பார்க்கப் போறோம்" என்றான். பிறகு ஸூரா முல்க்கைத் திறந்து, நேற்று விட்ட இடத்திலிருந்து ஓதத் தொடங்கினான்.