கொழும்பில் ஒரு வானம்

நமுனுகுல மலைச்சாரலின் தோட்டப் பாடசாலைகளிலிருந்து பிள்ளைகளைக் கொழும்புக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், மிருகக்காட்சிசாலையுடன் கோள்மண்டலத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பது எமது விருப்பம். 1965ஆம் ஆண்டுக் கைத்தொழிற் கண்காட்சியையொட்டி, பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்கவின் பொறுப்பில், தாமரை வடிவில் எழுந்த மண்டபம் அது.

மலைநாட்டில் விண்மீன்களுக்குப் பஞ்சமா, செயற்கை வானத்தைக் காண நாள் முழுதும் புகையிரதத்தில் செல்வானேன் என்று வினவுவார் உளர். வினா நியாயமானதே; விடையை மலையே கூறுகின்றது. பதுளைப் பகுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. ஆதலின் துருவமீனும் வட அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 7 பாகை உயரத்திலேயே நிற்கும். ஒரு சிறு குன்று குறுக்கே நின்றாலும் அது கண்ணிற் படாது. ஆறுமீனாகிய கார்த்திகையும் திருவாதிரையும் முன்னிரவில் ஒளிரும் மார்கழியிலோ, வடகீழ்ப் பருவமழையும் பனிமூட்டமும் ஊவா வானை மறைத்துவிடுகின்றன. மண்டபத்தின் குவிமாடத்தில் குன்றுமில்லை, முகிலுமில்லை. ஓர் இரவின் சுழற்சி சில நிமிடங்களில் கண்முன் நிகழும். 1923இல் செருமனியின் சைஸ் நிறுவனத்தார் முதன்முதல் இயக்கிக் காட்டிய ஒளியெறி கருவியின் பெருமை இதுவே.

எனினும், கண்டு வியந்து திரும்புவதோடு கல்வி முடிந்துவிடாது. மணவறையில் பட்டப்பகலில் அருந்ததி காட்டும் சமூகம் நாம். அவ்வருந்ததி எழுமீன்களுள் எதனருகே நிற்கின்றது என்பதை எம்மில் எத்தனை பேர் அறிவோம்? இலக்கிய வகுப்பில் இப்பெயர்களைச் சொல்லும் ஆசிரியரே வானிலும் அவற்றைச் சுட்டிக்காட்டல் வேண்டும். புறப்படுமுன், மண்டபம் திறந்திருக்கும் நாளையும் தமிழில் விளக்கம் கிடைக்கும் நேரத்தையும் கேட்டறிதல் நன்று. விளக்கணைந்ததும் சிறு குழந்தைகள் அஞ்சுவர். அவ்விருள் எதற்கென்பதை முன்னரே சொல்லி வைத்தால் அச்சம் ஆவலாக மாறும். திரும்பிய பின், மழை ஓய்ந்த ஆனி மாதத்து இரவொன்றில் தோட்டத்து மைதானத்திற் கூடி, தேள் வடிவான விருச்சிகத்தையும் அதன் நெஞ்சிற் சிவந்த கேட்டையையும் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். மண்டபத்தில் கண்டதை மலையில் நின்று சரிபார்க்கும் பிள்ளைதான் விஞ்ஞானத்தின் வாயிலை மிதிக்கின்றது.

இறுதியாக ஒன்று. புலமைப்பரிசிற் பரீட்சையில் தேறியோரையும் பணம் கட்ட வல்லோரையும் மட்டும் அழைத்துச் செல்லும் பயணமாக இது அமையலாகாது. பின்வாங்கிலிருந்து, விரைவில் பாடசாலையை விட்டு விலகக்கூடிய பிள்ளைக்கு இதுவே முதலும் கடைசியுமான வாய்ப்பாக இருக்கலாம். கொழுந்து பறிக்கும் தாயின் நாட்கூலியிற் கைவைக்காது அச்செலவை ஏற்கப் பழைய மாணவரும் வசதி படைத்தோரும் முன்வருவாராக. விண்மீன்கள் ஆளறிந்து ஒளி வீசுவதில்லை. அவற்றைக் காட்டுவோரும் ஆளறிந்து காட்டலாகாது.